செபத்தில் அவிலா தெரசா செய்த தவறுகள், நாமும் செய்கிறவை

"கடவுள் எங்கே இருக்கிறார்?" என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால், "எங்கும் இருக்கிறார்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். அதே பிள்ளைகள் வளர்ந்து செபிக்க உட்கார்ந்தால், மனம் கூரையைத் தாண்டி மேலே எங்கோ போய்விடுகிறது. தொலைவில் இருப்பவரைக் கூவி அழைப்பது போலத்தான் நம்மில் பலர் செபிக்கிறோம். தம்மீது அன்பு கொண்டு தம் சொல்லைக் கடைப்பிடிப்பவரிடம் தாமும் தந்தையும் வந்து குடிகொள்வதாக ஆண்டவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் (யோவான் 14:23). அந்த வாசகத்தைக் கோவிலில் கேட்டு, கோவிலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அவிலா நகரப் புனித தெரசாவும் இந்த இடத்தில் தடுமாறியவர்தான். 1515-இல் ஸ்பெயினில் பிறந்து, 1535-இல் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர். 1970-இல் திருச்சபை அவரை மறைவல்லுநராக, அதாவது விசுவாசத்தைக் கற்பிப்பதில் தலைசிறந்த ஆசிரியராக, அறிவித்தது. செபம் எப்படித் தவறிப்போகும் என்பதற்குத் தம் வாழ்க்கையையே எடுத்துக்காட்டாக வைத்து, எதையும் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். அதனால்தான் இந்த விஷயத்தில் வேறு யாரையும்விட அவரை நான் நம்புகிறேன்.

கடவுள் எல்லாவற்றிலும் இருக்கிறார் என்பதே அவருக்குத் தொடக்கத்தில் தெரியாது. செபிக்கும்போது கடவுள் தமக்குள் இருப்பதாகத் தெரசா உணர்ந்தார். அரைகுறையாகப் படித்தவர்களோ, அருளால் மட்டுமே கடவுள் நம்மில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். தெரசாவின் மனம் அதை ஏற்கவில்லை. பிறகு சாமிநாதர் (தோமினிக்) துறவற சபையைச் சேர்ந்த, நன்கு கற்ற ஒருவர் அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தார்.

இதில் இரண்டு உண்மைகள் உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. படைத்தவர் தாங்கிப் பிடிக்காவிட்டால் ஒரு புல்கூட இருக்க முடியாது. அந்த வகையில் அவர் எல்லாவற்றிலும் இருக்கிறார், பெரும் பாவியிடமும் இருக்கிறார். திருமுழுக்கில் நடப்பது அதற்கும் மேலானது. தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் மூவொரு கடவுள் அருளால் நம்மிடம் நண்பராகக் குடியேறுகிறார். சாவான பாவம், அதாவது தெரிந்தே மனமாரச் செய்யும் கனமான பாவம், இந்த நட்பை முறிக்கிறது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம், அதாவது பாவசங்கீர்த்தனம், அதை மீட்டுத் தருகிறது. முதல் உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டவர், "எப்படியும் கடவுள் எனக்குள்தானே இருக்கிறார், பாவசங்கீர்த்தனம் எதற்கு?" என்பார். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர், பாவத்தில் விழுந்ததும் தம்மைக் கடவுள் முற்றிலும் கைவிட்டதாக எண்ணிச் செபத்தையே விட்டுவிடுவார்.

தெரசா விழுந்தது இந்த இரண்டாவது குழியில். தவறுகளிலேயே இதுதான் ஆபத்தானது என்பேன், ஏனென்றால் பார்ப்பதற்கு இது தாழ்ச்சி போலவே இருக்கும்.

மடத்துக்கு வந்துபோகிறவர்களோடு பேச்சும் நட்புமாக அவர் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. இப்படி இருந்துகொண்டு கடவுளோடு நெருங்கிப் பேச வெட்கமாக இருந்தது. எல்லாரையும் போல வாய்ச்செபம் மட்டும் சொன்னால் போதும் என்று, கடவுளோடு தனியே மனத்துக்குள் பேசும் மனச்செபத்தை ஓராண்டுக்கும் மேலாக நிறுத்திவிட்டார். அதே காலத்தில் தம் தந்தைக்குச் செபத்தில் வழிகாட்டிக்கொண்டிருந்தவரும் அவரே! தாம் செபிக்காததற்கு உடல்நலக் குறைவைக் காரணமாகத் தந்தையிடம் சொன்னார். தந்தை இறந்தபின், தந்தைக்கு ஆன்ம குருவாக இருந்த சாமிநாதர் சபைக் குருவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். என்ன ஆனாலும் செபத்தை மட்டும் விடாதே என்பதுதான் அந்தக் குரு தந்த அறிவுரை. அலகை (சாத்தான்) தமக்கு வைத்த மிகக் கொடிய பொறி இதுதான் என்று தெரசா பின்னர் எழுதினார்.

"எந்த முகத்தோடு சாமி முன்னால போய் நிக்கிறது?" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குடிக்கிற கணவர், சொத்துத் தகராறில் தம்பியோடு பேச்சை முறித்த அண்ணன், பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர். முதலில் சரியாகிவிட்டு அப்புறம் செபிக்கலாம் என்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் மருத்துவரிடம் போகலாம் என்று காத்திருப்பது போன்றது இது. அருளை இழந்தவரும் செபிக்கலாம், செபிக்கவே வேண்டும். மனம் வருந்தச் செய்து பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை கைப்பிடித்துக் கூட்டிப்போவது அந்தச் செபம்தான்.

அடுத்தது பராக்கு. செபத்தில் மனம் அலைகிறதென்றால் கடவுள் நம்மைவிட்டுப் போய்விட்டார் என்று முடிவுகட்டுவது தவறு. செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் தமக்கும் உண்டு என்கிறார் தெரசா. ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாகக் கண்டு 1577-இல் அவர் எழுதிய நூலில், எண்ணங்களின் இரைச்சலை மாவு ஆலைச் சத்தத்துக்கு ஒப்பிடுகிறார். ஆலை சத்தம் போட்டால் போட்டுக்கொண்டிருக்கட்டும், நாம் மாவு அரைக்கிற வேலையைப் பார்ப்போம் என்பது அவர் சொல்லும் வழி.

பராக்கை வெல்வதாக எண்ணி மனத்தை வெறுமையாக்கப் பார்ப்பது இன்னொரு தவறு. சில நூல்களை நம்பித் தெரசாவும் கொஞ்ச காலம் இயேசுவின் மனித உருவைக்கூட நினைவிலிருந்து ஒதுக்கப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அதற்காக வருந்தினார். நமக்குள் இருப்பது வெறும் அமைதி அல்ல, ஓர் ஆள். முகமும் காயங்களும் உள்ளவர். அவரிடம் பேசலாம், பேசாமல் பக்கத்தில் இருக்கவும் செய்யலாம்.

வீட்டு வேலையே செபத்துக்குத் தடை என்று நினைப்பவர்களுக்கு அவர் சொன்ன பதில் பலருக்கும் தெரிந்ததுதான்: சமையலறைப் பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார்.

நற்கருணை வாங்கிய பின் உள்ள சில நிமிடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பங்குகளில் பலருக்கு அப்போது கவனமெல்லாம் வெளியே நிறுத்திய வண்டியை முதலில் எடுப்பதில் இருக்கிறது. உள்ளே வந்தவரைத் தனியே விட்டுவிடாதீர்கள், அது அவரோடு பேசுவதற்கு மிக நல்ல நேரம் என்று தெரசா தம் சகோதரிகளிடம் மன்றாடுகிறார். ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண்ணை மூடி, "ஆண்டவரே, வந்திருக்கிறீர்கள்" என்று சொன்னாலே போதும்.

செபமாலையும் பரலோக மந்திரமும் (இயேசு கற்பித்த செபம்) கல்வியறிவு இல்லாதவர்களுக்கு, தியானம்தான் உயர்ந்தவர்களுக்கு என்ற நினைப்பும் நம்மிடையே இருக்கிறது. ஒரு வயதான பெண் துறவி தெரசாவிடம் மிகுந்த வேதனையோடு வந்தார். வாய்ச்செபம் தவிர வேறெதுவும் தமக்கு வரவில்லை, மனத்தை நிறுத்திச் செபிக்கத் தெரியவில்லை என்றார். எப்படிச் செபிக்கிறீர்கள் என்று தெரசா விசாரித்தார். பரலோக மந்திரத்தை விடாமல் பற்றிக்கொண்டே அந்த மூதாட்டி இறைக்காட்சி நிலைவரை, அதாவது கடவுளில் மனம் அமைதியாக ஆழ்ந்துபோகும் செபம்வரை, உயர்ந்திருந்தது தெரிந்தது; அது அவருக்கே தெரியவில்லை. தெரசா ஆண்டவரைப் போற்றினார். அந்த வாய்ச்செபம் தமக்குக் கிடைக்கவில்லையே என்று ஏங்கினார்.