லாக்டேஸ் என்சைமை காந்த நானோ துகள்ல கட்டுறது எப்படி (ட்ரிஸ் பஃபரை தள்ளி வைங்க)

பால்ல இருக்கற லாக்டோஸை குளுக்கோஸ், காலக்டோஸ்னு ரெண்டா வெட்டுற என்சைம் தான் லாக்டேஸ், அதாவது பீட்டா காலக்டோசிடேஸ். சும்மா கரைச்சு ஊத்தினாலும் வேலை செய்யும், ஆனா அப்புறம் அதை பால்லேருந்து பிரிச்சு எடுக்கறது பெரும்பாடு. அதையே இரும்பு ஆக்சைடு துகள் மேல கட்டிட்டா பக்கத்துல ஒரு காந்தத்தை வச்சு மொத்தமா இழுத்து, கழுவி, அடுத்த தடவைக்கும் போடலாம். எனக்கு இது கைக்கு வர ரெண்டு மாசம் ஆச்சு, அதுல மூணு வாரம் ஒரே ஸ்டெப்புல போச்சு, அதனால அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். பஃபர் போடறது, பிப்பெட் பிடிக்கறதெல்லாம் உங்களுக்கு தெரியும்னு வச்சுக்கறேன்.

எந்த என்சைம்? க்ளூவெரோமைசிஸ் லாக்டிஸ் ஈஸ்ட்லேருந்து வர்றது 6.5 - 7 பிஹெச்ல நல்லா ஓடும், பாலோட பிஹெச் 6.7 பக்கம், அதனால பாலுக்கு அது தான் பொருத்தம். ஆனா முதல் தடவை செய்றவங்களுக்கு நான் சொல்றது ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசேலேருந்து வர்றது. 4.5 - 5 பிஹெச்ல தான் அதுக்கு முழு வேகம், ஆனா கெட்டியான என்சைம், சூட்டையும் தாங்கும். பால்ல இருக்கற அளவுக்கு 5% லாக்டோஸ் கரைசல் போட்டு அதுல பழகிட்டு அப்புறம் பாலுக்கு போங்க.

ஸ்டெப் 1, துகள். 100 மில்லி தண்ணில ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், ஃபெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2 கிராம், அதாவது 2:1 மோல் கணக்கு. நைட்ரஜன் விட்டுக்கிட்டே 80 டிகிரில கலக்கி பிஹெச் 10 வர வரைக்கும் அமோனியா சேருங்க, கருகருன்னு வந்துரும். பழுப்பா வந்தா காத்து பட்டு ஃபெரஸ் ஃபெரிக்கா மாறிடுச்சுன்னு அர்த்தம், மறுபடி போடுங்க. காந்த ஸ்டிரர் வேண்டவே வேண்டாம், துகள் பூரா அந்த பார்ல போய் ஒட்டிக்கும், மேலேருந்து சுத்துற ஸ்டிரர் தான் சரி. பிஹெச் நடுநிலைக்கு வர வரைக்கும் கழுவுங்க. காய வைக்காதீங்க, காய்ஞ்சா கட்டியாகிடும், சோனிகேட்டர்ல (ஒலி அதிர்வால கட்டியை பிரிக்கற கருவி) போட்டாலும் பழையபடி பிரியாது.

ஸ்டெப் 2, துகள் மேல அமீன் (என்சைமை கட்ட உதவுற நைட்ரஜன் உள்ள கொக்கி) ஏத்தறது. 1 கிராம் துகளை 100 மில்லி எத்தனால்ல சோனிகேட் பண்ணி 2 மில்லி ஏப்டெஸ் (APTES, துகள் மேல அமீனை ஒட்ட வைக்கற சிலேன்) விட்டு ராத்திரி முழுக்க ஷேக்கர்ல வைங்க. தண்ணி அதிகமா இருந்தா ஏப்டெஸ் தனக்குத்தானே சேர்ந்து பிசினாகிடும். கழுவினப்புறம் கொஞ்சம் துகள்ல நின்ஹைட்ரின் (அமீன் பட்டா ஊதாவாகற ரசாயனம்) போட்டு சூடு பண்ணி காந்தத்தால இழுத்துட்டு பாருங்க, தண்ணி ஊதாவா இருந்தா அமீன் ஏறியிருக்கு.

ஸ்டெப் 3 தான் என்னை படுத்தி எடுத்தது. 25% க்ளூட்டரால்டிஹைடு 1 மில்லியை 9 மில்லி பாஸ்பேட் பஃபர்ல (0.1 மோலார், பிஹெச் 7) கலந்தா 2.5%. அதுல 100 மில்லிகிராம் துகள், 2 மணி நேரம், கண்டிப்பா ஃபியூம் ஹூட்டுக்குள்ள. க்ளூட்டரால்டிஹைடுக்கு ரெண்டு கை, ரெண்டுமே ஆல்டிஹைடு, ஒண்ணு துகளோட அமீனை பிடிக்கும், இன்னொண்ணு என்சைம்ல இருக்கற லைசீனை (அமீன் நீட்டிக்கிட்டு இருக்கற அமினோ அமிலம்) பிடிக்கும். அப்புறம் அஞ்சு தடவையாவது கழுவிட்டு, ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் என்சைம் இருக்கற கரைசல் 10 மில்லி ஊத்தி 4 டிகிரில ராத்திரி முழுக்க.

காலைல மேல தெளிஞ்ச தண்ணியை எடுத்து பிராட்ஃபோர்டு (புரோட்டீன் அளக்கற டெஸ்ட்) போட்டு பார்த்தா, போட்ட புரோட்டீன் அப்படியே தண்ணிலயே இருந்துச்சு. ஏப்டெஸ் மேல சந்தேகப்பட்டு மூணு தடவை துகளையே புதுசா செஞ்சேன், நின்ஹைட்ரின் ஒவ்வொரு தடவையும் ஊதா தான். கடைசில பார்த்தா என்சைமை நான் கரைச்சது ட்ரிஸ் பஃபர்ல, ஃப்ரிட்ஜ்ல தயாரா இருந்துச்சுன்னு எடுத்துட்டேன். ட்ரிஸ்ஸே ஒரு பிரைமரி அமீன், என்சைமை விட எத்தனையோ மடங்கு அதிகமா கரைசல்ல இருக்கு, லைசீன் உட்கார வேண்டிய ஆல்டிஹைடுல எல்லாம் அது போய் உட்கார்ந்துடுச்சு. பாஸ்பேட்டுக்கு மாத்தின அன்னிக்கே தண்ணில புரோட்டீன் சட்டுனு குறைஞ்சது. கட்டி முடிச்சப்புறம் மட்டும் ட்ரிஸ்ஸோ கிளைசினோ போடுங்க, மிச்சம் இருக்கற ஆல்டிஹைடை அது மூடிடும்.

ஸ்டெப் 4, வேலை செய்யுதான்னு பாக்கறது. ஓஎன்பிஜி (ONPG, லாக்டோஸுக்கு பதிலா டெஸ்டுக்கு போடற பொருள்) போடுங்க, என்சைம் வெட்டினா மஞ்சள் வரும், 420 நானோமீட்டர்ல படிக்கலாம். ஆனா 4.5 பிஹெச்ல அந்த மஞ்சள் கண்ணுக்கே தெரியாது, 1 மோலார் சோடியம் கார்பனேட் ஊத்தினா தான் நிறம் ஏறும், என்சைமும் அங்கயே நிக்கும், அதனால வெள்ளையா இருக்கேன்னு என்சைம் செத்துடுச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. படிக்கறதுக்கு முன்னாடி துகளை காந்தத்தால ஒதுக்கிடுங்க. லாக்டோஸ்ல டெஸ்ட் பண்ணும்போது டிஎன்எஸ் (DNS, ரெட்யூசிங் சர்க்கரைக்கு நிறம் காட்டுற டெஸ்ட்) வேண்டாம், லாக்டோஸும் ரெட்யூசிங் சர்க்கரை தான், ஆரம்பத்துலயே நிறம் காட்டிடும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கிட் தான் நம்பகமானது.

அடுத்து கசிவு டெஸ்ட், இதை விட்டுடாதீங்க. பாதி வழில துகளை இழுத்து எடுத்துட்டு மிச்ச கரைசலை அப்படியே விடுங்க, குளுக்கோஸ் இன்னும் ஏறிக்கிட்டே இருந்தா என்சைம் கழண்டு வருது, கட்டப்படல, சும்மா ஒட்டியிருக்கு. சும்மா ஒட்டினாலும் என்சைம் வேலை செய்யும்னு 1916லயே நெல்சனும் கிரிஃபினும் இன்வர்டேஸை (சாதா சர்க்கரையை வெட்டுற என்சைம்) கரி மேல ஒட்டி காட்டிட்டாங்க, ஆனா நமக்கு திரும்ப திரும்ப கழுவி பயன்படுத்தணுமே. 1 மோலார் உப்புத் தண்ணில ஒரு தடவை கழுவினா ஒட்டினது போய் கட்டினது நிக்கும்.

அப்டேட்: பாஸ்பேட் தான் போட்டேன், அப்பவும் ஏறலன்னு ஒருத்தர் கேட்டார். அவர் என்சைம் அமோனியம் சல்ஃபேட் சஸ்பென்ஷனா வந்தது, அமோனியாவும் ஆல்டிஹைடை பிடிக்கும். அந்த உப்பை பிரிக்க டயாலிசிஸ் பண்ணிட்டோ டீசால்ட்டிங் காலம்ல (column) விட்டுட்டோ போடுங்க.

அப்டேட் 2: பால்ல போட்டதும் துகள் திரண்டுடுச்சுன்னு இன்னொருத்தர். அவர் ஆல்டிஹைடை மூடவே இல்ல, பால்ல இருக்கற கேசீன்ங்கற புரோட்டீன்லயும் லைசீன் உண்டு, அது போய் ஒட்டிக்கும். கிளைசின்ல மூடிட்டு கொழுப்பெடுத்த பால்ல போட சொன்னேன், சரியாச்சு. அந்த பாலை யாரும் குடிக்க வேண்டாம், க்ளூட்டரால்டிஹைடு மிச்சம் இருக்கலாம். துகளை பாஸ்பேட்ல ஈரமாவே 4 டிகிரில வைங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க.