பழைய பிக்கப்பின் அலாய் வீலைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், கூடலூர் பக்கம் ஓடும் பழைய மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்டவே, டாடா ஜெனான் பிக்கப்புகளில் அலாய் வீல் (அலுமினியக் கலவையில் வார்த்த சக்கரம்) வெளுத்துப் பொரிந்து கிடப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். குமுளி ஏறி ஏலத்தோட்டத்துக்கு உரமும் மருந்தும் சுமக்கிற வண்டி வேறு எப்படி இருக்கும்? பொட்டாஷ் உரத்தில் குளோரைடு இருக்கிறது. பூஞ்சைக்கு அடிக்கும் போர்டோ கலவைக்குக் கொண்டுபோகும் துருசு (காப்பர் சல்பேட்) இன்னும் மோசம். அதிலுள்ள செம்பு அலுமினியத்தின் மேல் படிந்து, ஈரம் பட்டதும் குழி குழியாக அரிக்கும். மூட்டை ஒழுகினால் அன்றைக்கே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள்.

சரி, கெட்டுப்போன வீலைப் பளபளப்பாக்க நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது ஆசிட். அதை விட்டுவிடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். அழுக்கு கழலுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அலுமினியமே கரைந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். காய்ந்ததும் வீல் மங்கி வெளுத்துவிடும், பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே ஆக வேண்டும். அதுவும் குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்குப் பிரேக் பிடித்தே இறங்கிய வண்டியென்றால் வீல் நல்ல சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் எந்தக் கெமிக்கலும் வேகமாகத் தின்னும், திட்டுத் திட்டாகக் காயும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறட்டும். அப்புறம் ஷாம்பூவும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும்.

வீலின் மேல் பூசியிருக்கும் நிறமில்லாத பூச்சுதான் கிளியர் கோட். அது பொரிந்திருக்கும்போது அதன் மேலேயே பாலிஷ் போடுவது அடுத்த தவறு. கல் தெறித்து அந்தக் கோட் பெயர்ந்த இடத்தில் ஈரம் நுழைந்து, அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அவை போகாது. பெயிண்ட் ரிமூவர் போட்டு முழுதாக உரித்த பிறகே உப்புத்தாள். 400 நம்பர் தாளில் தொடங்கி 600, 800, 1000, 1500 என்று தண்ணீர் விட்டுத் தேயுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் பழைய கீறல் வெயிலில் பல்லிளிக்கும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், அதன் துணுக்குகள் பதிந்து பிறகு துருவாகக் கிளம்பும். பெயிண்ட் அடிப்பதென்றால் எட்ச் பிரைமர் கேட்டு வாங்குங்கள். சாதாரண பிரைமர் அலுமினியத்தில் சரியாகப் பிடிக்காது.

வெளிமுகத்தை விட நான் கவலைப்படுவது டயர் உட்காரும் விளிம்பைப் பற்றித்தான். டயரைக் கழற்றாமல் வேலை பார்த்தால் அங்கே படிந்த வெள்ளைத் தூள் அப்படியே தங்கிவிடும். அடிக்கடி காற்று இறங்குகிறதே என்று பஞ்சர் கடையில் ஆணியைத் தேடுவார்கள். காற்று போவதோ அந்த விளிம்பு வழியாக. டயரைக் கழற்றி, விளிம்பை வழவழப்பாக்கிய பிறகே மாட்டச் சொல்லுங்கள். அப்படியே உள்பக்கத்தையும் ஸ்போக் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். பல அலாய் வீல்களுக்கு வலுவே தயாரிப்பில் கொடுத்த சூட்டுப்பதம்தான். வெல்டிங் சூடு அதைக் கெடுத்துவிடும். லோடோடு மலை இறங்கும் வண்டிக்கு அந்த வீல் ஆகாது, வேறு வீல் வாங்குங்கள்.

நட்டு உட்காரும் குழியிலும், ஹப்போடு (வீலை மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் முகத்திலும் பெயிண்ட் படக்கூடாது. பெயிண்ட் நசுங்கினால் நட்டு தளரும். மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்து நட்டுகளை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.