பிடித்த இடம் நினைவில் நிலைக்க

பயணத்தில் ஓர் இடம் பிடித்துப்போனால், அது ஏன் பிடித்தது என்பதை அன்றிரவே எழுதிவைத்துவிடுங்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மைத்தாமே சோதித்துக்கொண்ட ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், மறதியின் பெரும்பங்கு முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பதை 1885இல் வெளியிட்ட நூலில் காட்டினார்.

'அழகாக இருந்தது' என்ற குறிப்பால் பயனில்லை. அது எந்த இடத்துக்கும் பொருந்தும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கற்படி இருட்டிய பிறகும் உள்ளங்காலைச் சுட்டதையும், மழை விட்டதும் பாறையிடுக்கிலிருந்து பாசி வாடை எழுந்ததையும் எழுதுங்கள். வாடையை நான் ஒருபோதும் விடுவதில்லை. மற்றப் புலன்களின் செய்திகள் தலாமஸ் என்னும் மூளையின் நடுப்பகுதி வழியாகச் சுற்றிச் செல்ல, மூக்கின் செய்தியோ உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளை நேராகவே எட்டுவதால், பல ஆண்டுகள் கழித்தும் அதே வாடை அந்த இடத்தை மீட்டுத்தர வல்லது.

படம் எடுப்பதற்கு முன் கண்ணாரப் பார்த்துவிடுங்கள். உளவியலாளர் லிண்டா ஹென்கெல் அருங்காட்சியகம் ஒன்றில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பொருள்களை முழுமையாகப் படமெடுத்தவர்கள் வெறுமனே பார்த்தவற்றைவிடப் படமெடுத்தவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை தென்படவில்லை. ஆகவே மண்டபம் முழுவதையும் எடுப்பதைவிட, ஒரு தூணின் செதுக்கலை நின்று நிதானமாக எடுப்பதே மேல். இடத்தின் பெயரையும் நாளையும் படத்துடனேயே குறித்துவிடுங்கள்.