புத்தகத்தை எடுக்கச் சொல்லி பெற்றோர் வந்தால்

வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் நூலகப் பொறுப்பு பார்க்கிறேன். போன வருடம் ஒரு அம்மா, மகளின் பையிலிருந்த நாவலை என் மேசையில் வைத்து, "டீச்சர், இதையா பிள்ளைக்குக் கொடுப்பீங்க?" என்றார். வயதுக்கு வந்த பெண்ணின் கதை அது. நான் விதி பேசவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று பொறுமையாகக் கேளுங்கள். அந்த அம்மாவின் பயம் புத்தகத்தின் மேல் இல்லை. மகள் தன்னிடம் பேசாமல் போய்விடுவாளோ என்பதுதான்.

அப்புறம் புகாரை எழுத்தில் வாங்குங்கள். தலைமையாசிரியர், இரண்டு ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு பெற்றோர் எனச் சிலர் முழுப் புத்தகத்தையும் படிக்கட்டும். கோடு போட்ட பக்கத்தை மட்டும் படித்துத் தீர்ப்பு சொல்வது அநியாயம். முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். அமெரிக்க நூலகர்கள் வலியுறுத்துவதும் இதையே. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து நூலை அகற்றக் கூடாது என்று அங்கே 1982-இல் பிகோ என்ற மாணவரின் பெயரால் அறியப்படும் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் எழுதினார்.

தன் மகளுக்கு வேண்டாம் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு உரிமை உண்டு. வகுப்பிலுள்ள மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்ல முடியாது. இதைப் பதில் கடிதத்தில் மரியாதையாக எழுதிக் கொடுங்கள்.