காய்ச்சல் விட்ட பிறகும் கஞ்சித் தண்ணீரா?

டைபாய்டிலிருந்து அப்பா எழுந்தபோது ஆறு கிலோ குறைந்திருந்தார். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகியும் நாங்கள் கொடுத்தது வடித்த கஞ்சியும் மிளகு ரசமும்தான். "கெட்டியா கொடுத்தா வயிறு தாங்காதும்மா" என்று அத்தை சொல்வார். அப்பாவும் அரை டம்ளரில் போதும் என்று கையைக் காட்டிவிடுவார். பத்தியம் என்ற பெயரில் அவரைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

பசி செத்துப்போனவர் ஒரு வேளைக்கு நாலு வாய்தான் சாப்பிடுவார். அந்த நாலு வாயையும் தண்ணீராகக் கொடுப்பதுதான் பெரிய தவறு. டைபாய்டில் குடலில் புண் வரும், அதனால் காரமில்லாமல் குழைவாகத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் குழைவாக இருந்தால் போதும், நீர்த்திருக்க வேண்டியதில்லை. அதே அரிசியைப் பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து, வடிக்காமல், ஒரு டீஸ்பூன் நெய் விட்டுப் பாருங்கள். நெய்யில் மட்டுமே 40 கலோரிக்கு மேல் சேரும், சாப்பாட்டின் அளவோ அதிகமாகாது.

வாரம் அரை கிலோ ஏற, தினமும் 500 கலோரி போல் கூடுதலாக வேண்டும். மலைப்பாகத் தெரியும். ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், இரண்டு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலையைப் பொடித்துச் சாதத்தில் பிசைந்தது: கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் இருக்கிறது. சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

"பசிக்குதா?" என்று கேட்டுக் காத்திருக்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணத்தில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் வயிறு அதிலேயே நிரம்பிவிடும். அப்புறம், வாசனை. தாளிக்கும் வாடை வந்தாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறிய தயிர்சாதம் மட்டும் மறுபேச்சில்லாமல் உள்ளே போனது.

மருத்துவர் சீட்டு இல்லாமல் பசி டானிக் வாங்காதீர்கள். பலவற்றில் இருக்கும் சைப்ரோஹெப்டடின் ஒவ்வாமைக்கான மருந்து, தூக்கத்தைக் கொண்டுவரும். வயதானவர்கள் தடுமாறி விழுந்துவிடலாம். அதைவிடக் கொடுமை, 'உடம்பு போட' என்று டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுப்பது. கன்னம் உப்பும், உடம்பில் நீர் கோக்கும், சர்க்கரை ஏறும். வாரக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஐந்து நாளுக்கு மேல் அனேகமாக எதுவுமே சாப்பிடாதவருக்கு ஒரே நாளில் விருந்து வைத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் கூட்டவேண்டும்.

ஓய்வு என்று முழுநாளும் படுக்க வைப்பதும் வேண்டாம். படுக்கையில் கரைந்தது தசை. நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவதில் தொடங்கலாம்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினாலோ, காய்ச்சல் திரும்பினாலோ, இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ சமையலை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். காசநோய், சர்க்கரை, தைராய்டு மூன்றுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.