ஓடாதே என்று சொல்லாமல் இடைவேளையை நடத்துவது எப்படி?

"இடைவேளையில் ஓடக் கூடாது. ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. பந்து கொண்டுவரக் கூடாது." ஒரு பிள்ளை விழுந்து பல் உடைந்தால், மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே இந்த அறிவிப்பு வந்துவிடுகிறது. அறிவிப்பவர்மீது கோபப்பட முடியாது. பெற்றோர் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர்தான். ஆனால் தடை போட்டதால் பிள்ளைகளின் கால்கள் நின்றுவிடுவதில்லை. ஆசிரியர் கண் படாத இடத்துக்கு ஓட்டம் நகர்கிறது: வராந்தா, மாடிப்படி, கழிப்பறைக்குப் பின்புறம். மண் தரையில் விழ வேண்டிய பிள்ளை சிமென்ட் முனையில் விழுகிறது.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. வேனில் வந்து, வேனில் போய், மாலையில் டியூஷன் உட்காரும் பிள்ளைக்கு இடைவேளையை விட்டால் வேறு நேரம் கிடையாது. அதனால் ஓட்டத்தைத் தடுக்காமல் மோதலை மட்டும் தடுப்பதுதான் வேலை. தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் அதைச் செய்யும் முறை இது.

இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். பள்ளி வளாகத்தின் வரைபடத்தை முதல் பக்கத்தில் கையாலேயே வரையுங்கள். இரண்டு வாரத்துக்கு, யார் விழுந்தாலும் நேரம், இடம், வகுப்பு, எப்படி விழுந்தது என்ற நான்கையும் எழுதி, வரைபடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். சிராய்ப்பையும் விடாதீர்கள். புள்ளிகள் மைதானம் முழுவதும் பரவியிருக்காது. பெரும்பாலும் தண்ணீர்க் குழாயடி, கட்டட மூலை, கொடிக்கம்ப மேடை, படிக்கட்டின் கடைசிப் படி என்று சில இடங்களில் குவியும். கட்டட மூலையில் எதிரே வருபவர் தெரிவதில்லை, குழாயடியில் ஈரம். "ஓடினான், விழுந்தான்" என்று மட்டும் எழுதினால் நோட்டால் பயனில்லை. எதில் இடித்தான், எதிரே யார் வந்தார்கள் என்பதைக் கேட்டு எழுத வேண்டும்.

மைதானத்தை நடந்து பாருங்கள்

வாரம் ஒருமுறை, திங்கள் காலை, ஒருவர் கையில் வாளியோடு மைதானம் முழுக்க நடக்க வேண்டும். கண்ணாடிச் சில்லு, ஆணி, கட்டுமானக் கம்பி, கருவேல முள் எல்லாம் வாளிக்குள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை தரைக்கு மேல் அரை அடி நின்றாலும் ஆபத்து. அதைத் தோண்டி எடுக்க முடியாவிட்டால் சுற்றிலும் பழைய டயர் போட்டு வண்ணம் அடித்துவிடுங்கள். செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்த் தொட்டி மூடி இரண்டும் அசைகிறதா என்று காலால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அன்றே சரிசெய்ய வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. ஆசிரியர்களின் இரு சக்கர வண்டிகள் மைதான ஓரத்தில் நின்றால் வேறு இடம் பாருங்கள். சூடான சைலன்சர் பட்டுக் கால் வெந்த பிள்ளை எல்லா ஊரிலும் உண்டு.

கெட்டித் தரைமேல் சிறு சரளை கிடப்பது நடைமுறையில் மிக மோசமான தரை. கல் உருண்டு கால் வழுக்கும், முட்டி கிழியும். துடைப்பத்தால் சரளையைக் கூட்டி அள்ளிவிட்டு, ஓடும் பகுதியில் செம்மண்ணோ மணலோ பரப்பித் தண்ணீர் தெளித்தால் போதும். பேவர் பிளாக் பதித்த முற்றத்தில் வேகமான ஆட்டம் எதுவும் வேண்டாம்.

பிறகு கோடு. மைதானத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஓடும் ஆட்டம், பந்தாட்டம், ஒரே இடத்தில் ஆடும் ஆட்டம் (பாண்டி, கயிறு தாண்டல், பல்லாங்குழி, ஐந்து கல்). ஓடும் பகுதியின் எல்லைக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் விடுங்கள். முழு வேகத்தில் வரும் பிள்ளை நிற்பதற்கு அந்த இடம் வேண்டும். பாண்டி கட்டங்களைக் குழாயடிக்குப் போகும் வழியில் போடாதீர்கள். கோடு போடச் சுண்ணாம்புத் தூள் தூவுவது வழக்கம்தான். ஆனால் அது கண்ணில் விழுந்தால் புண்ணாக்கிவிடும். சாக்பீஸ் தூள் அல்லது கோலமாவு பாதுகாப்பு. சிமென்ட் தரை என்றால் பெயின்ட்.

நேரத்தைப் பிரிப்பது

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஓடினால், மோதுவது இரண்டு மடங்கு எடையோடு. 1 முதல் 3 வரை முதலில், 4, 5 அடுத்து, 6 முதல் 8 பிறகு என்று 15 நிமிட இடைவெளியில் விடுங்கள். ஆசிரியர் பற்றாக்குறையால் முடியாத பள்ளியில், சிறு பிள்ளைகளுக்கு மைதானத்தின் ஒரு பக்கத்தைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

மதிய உணவுக்குப் பின் உடனே ஓடவிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகள் வருவார்கள். சாப்பிட்டதும் 15 நிமிடம் நிழலில் உட்கார்ந்த ஆட்டம், அதற்கப்புறம்தான் ஓட்டம். காலை இடைவேளையில் மயக்கம் போட்டு விழுவது பற்றிய பயம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் அதிகம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் உள்ள பள்ளிகளில் இப்போது அந்தக் காரணம் வலுவிழந்துவிட்டது. மார்ச்சுக்குப் பின் நண்பகல் 12 முதல் 3 வரை மட்டும் ஓட்டத்தை மர நிழலுக்கு மாற்றுங்கள், ஓடுவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்கவையுங்கள்.

ஆட்டத்தை நிறுத்தாதீர்கள், விதியை மாற்றுங்கள்

ஓடிப்பிடித்து ஆட்டத்தில் மோதல் வரும் காரணம், யார் பிடிப்பவர் என்று மற்றவருக்குத் தெரியாமல் எல்லோரும் எல்லோரையும் பார்த்து ஓடுவது. சாபூத்ரி போட்டுப் பிடிப்பவரைத் தேர்ந்ததும் அவர் கையில் ஒரு வண்ணத் துணி கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு பிடிப்பவர் போதும். விரித்த உள்ளங்கையால் முதுகில் தொட வேண்டும். தள்ளினால் பிடித்தது செல்லாது. "செல்லாது" என்ற விதி "தள்ளாதே" என்ற கட்டளையைவிட நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அதைப் பிள்ளைகளே காப்பார்கள். தொடுவதே சண்டையாகிறது என்றால் வால் பறிக்கும் ஆட்டத்துக்கு மாறுங்கள்: ஒரு முழத் துணியை இடுப்பில் பின்புறம் செருகிக்கொள்ள வேண்டும். செருகத்தான் வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது. முடிந்த துணியை இழுத்தால் பிள்ளையும் சேர்ந்து விழும்.

கல்லா மண்ணாவில் ஆபத்து ஓட்டத்தில் இல்லை, "கல்"லில் இருக்கிறது. பிள்ளைகள் மேடை, படிக்கட்டு, திண்ணை என்று உயரமான இடத்தில் ஏறி அங்கிருந்து குதிக்கிறார்கள். தரையில் ஒரு மீட்டர் வட்டங்கள் ஐந்தாறு வரைந்து அவைதான் கல் என்று சொல்லிவிடுங்கள். ஆட்டம் அதே ஆட்டம்தான்.

கை கோத்துச் சங்கிலியாக ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தில் சங்கிலி நான்கு பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரிய வேண்டும். சங்கிலி திரும்பும்போது முதல் ஆள் நடக்கும் வேகத்தில் இருப்பார், கடைசி ஆள் பறப்பார். கை நழுவினால் விழுவது அவர்தான், பெரும்பாலும் வகுப்பிலேயே சிறிய பிள்ளை.

கோ-கோவில் "கோ" சொல்லும்போது முதுகில் அறைந்து தள்ளுவதால் உட்கார்ந்திருப்பவர் முகம் குப்புற விழுகிறார். முதலில் தொடுதல், அடுத்துக் குரல், பிறகு எழுதல் என்று பத்து முறை மெதுவாகப் பழக்குங்கள். கம்பத்தைத் தரையிலிருந்து முழு உயரத்துக்கும் தேங்காய்நார்க் கயிறு சுற்றிக் கட்டுங்கள். முழு ஆடுகளம் 27க்கு 16 மீட்டர். தொடக்கப் பள்ளிக்கு அதில் பாதி போதும்.

கபடியில் ஐந்தாம் வகுப்பு வரை பிடியே வேண்டாம், தொட்டுத் திரும்பும் கபடி மட்டும். அதற்கு மேல், உயரமும் எடையும் ஒத்தவர்களை எதிரெதிர் அணியில் நிறுத்தி, கிளறிய மணலில் ஆடவிடுங்கள். கழுத்து, முடி, சட்டை மூன்றையும் பிடிக்கக் கூடாது. பச்சைக்குதிரையில் குனிபவர் இரு கைகளையும் முட்டியில் ஊன்றி, தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். தலை நிமிர்ந்திருந்தால் தாண்டுபவரின் கால் கழுத்தில் படும். ஒருவர் தாண்டி எழுந்து நகர்ந்த பிறகே அடுத்தவர் வரலாம்.

கிட்டிப்புள் மட்டும் இடைவேளையில் வேண்டாம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. புள் எந்தப் பக்கம் பறக்கும் என்று அடிப்பவருக்கே தெரியாது, போன கண் திரும்பாது. உடற்கல்வி ஆசிரியர் பார்வையில், மைதானத்தில் வேறு யாரும் இல்லாத பாடவேளையில், எல்லோரும் அடிப்பவருக்குப் பின்னால் நின்று ஆடட்டும்.

கழற்றி வைக்க வேண்டியவை

வகுப்பு வாசலில் ஒரு வரிசைக் கொக்கி அடியுங்கள். அடையாள அட்டைக் கயிறு அதில் தொங்கட்டும். ஓடும்போது கழுத்தில் இருக்கவே கூடாது. சட்டைப்பையில் பேனா, பென்சில், காம்பஸ் எதுவும் வேண்டாம். கண்ணாடி வளையல் போட்ட பிள்ளைகளுக்கு ரப்பர் வளையல் போடச் சொல்லிப் பெற்றோரிடம் பேசுங்கள். அடி தேய்ந்த கறுப்பு ஷூ சிமென்டில் வழுக்கும். சுத்தம் செய்த மண் தரையில் வெறுங்கால் அதைவிட நல்லது.

ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்க்கத் தொடங்குவதற்கு உடையும் ஒரு காரணம். துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்தி இடுப்பில் குறுக்கே கட்டலாம். ஆட்டம் முடியும்வரை கழற்றிக் கொக்கியில் மாட்ட அனுமதிப்பது இன்னும் நல்லது. இன்னொரு காரணம், ஆறு பையன்களின் கிரிக்கெட் முழு மைதானத்தையும் எடுத்துக்கொள்வது. திங்கள், புதன், வெள்ளி பெண் பிள்ளைகளுக்கு நடு மைதானம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் இரண்டாம் வாரமே கிரிக்கெட் திரும்பி வந்துவிடும்.

நிற்கும் இடமும் மணியும்

இரண்டு ஆசிரியர்கள் ஒரே மரத்தடியில் நின்று பேசுவது கண்காணிப்பு ஆகாது. எதிரெதிர் மூலைகளில், குறிப்பேட்டில் புள்ளி குவிந்த இடங்களைப் பார்த்தபடி நில்லுங்கள். விசில் ஒரு முறை ஊதினால் நின்ற இடத்தில் சிலையாக வேண்டும், இரண்டு முறை என்றால் வரிசை. இதை முதல் வாரம் தினமும் விளையாட்டாகவே பழக்குங்கள்.

இடைவேளை முடியும் நிமிடத்தில்தான் படியில் நெரிசல். முடிய மூன்று நிமிடம் முன்பே முதல் மணி அடியுங்கள். ஓட்டம் நின்று, தண்ணீர் குடித்து, வகுப்பு வகுப்பாக நடந்து ஏற அந்த நேரம் வேண்டும். மேல்மாடி வகுப்புகள் முதலில் போகட்டும்.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை இடைவேளையில் உட்காரவைக்காதீர்கள். தண்டனையாக இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013இல் வெளிப்படையாகச் சொன்னது. வகுப்பில் உட்கார முடியாமல் நெளியும் பிள்ளைக்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை; அதையே பறித்தால் அடுத்த பாடவேளை இன்னும் கெடும். ஆட்டத்தில் வேண்டுமென்றே தள்ளியவரை இரண்டு நிமிடம் ஆசிரியர் பக்கத்தில் நிறுத்தி, பிறகு ஆட அனுப்பினால் போதும்.

அடிபட்டால்

சிராய்ப்பை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் வேண்டாம். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்கவைத்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும். நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பால்பல்லை மறுபடி பொருத்த முயல வேண்டாம். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு வாந்தி, தூக்கக் கலக்கம், உளறல் எது தெரிந்தாலும் 108.

பெற்றோரிடம் முன்பே சொல்லுங்கள்

ஜூன் மாதக் கூட்டத்திலேயே, "உங்கள் பிள்ளை ஓடும், சில நாள் முட்டியில் சிராய்ப்போடு வரும், நாங்கள் இன்னின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்று குறிப்பேட்டையும் வரைபடத்தையும் காட்டிச் சொல்லுங்கள். அன்றைய சிராய்ப்பை அன்று மாலைக்குள் பள்ளியே சொல்லிவிட வேண்டும். பிள்ளை வாயால் முதலில் கேட்டால்தான் சண்டை பெரிதாகிறது.

பெற்றோராக இருந்து தடையை மாற்ற விரும்பினால், அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை வையுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அதே சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டு மைதானமும், வகுப்புதோறும் தேவைக்கேற்ப விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. "தடையை நீக்குங்கள்" என்று மட்டும் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சரளை அள்ள ஒரு சனிக்கிழமை, கோடு போட ஒரு வாளி பெயின்ட், கண்காணிக்க வாரம் இரண்டு பெற்றோர் என்று எழுதிக் கொடுத்து, முதலில் நான்கு வாரத்துக்கு ஓடிப்பிடித்து மட்டும் அனுமதி கேளுங்கள். நான்கு வாரம் கழித்துக் குறிப்பேட்டின் புள்ளிகளை எண்ணிப் பார்த்து, அடுத்த ஆட்டத்தைக் கேட்கலாம்.