ஐரிஸின் சுழற்சியை அளக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடிக்குத் தொலைநோக்கியுடன் வரும் இளையவர்கள், நான் முன்பு செய்த பிழைகளை அதே வரிசையில் செய்வதைப் பார்த்த பின்னரே இதை எழுதத் தோன்றியது. குவியம் பிசகுவது, முக்காலி ஆடுவது போன்றவற்றை முதல் இரவே கற்றுக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

1847 ஆகஸ்ட் 13 அன்று ஜோன் ரசல் ஹிண்ட் லண்டனிலிருந்து கண்டுபிடித்த ஐரிஸ், சிறுகோள் பட்டையின் உட்பகுதியில், சூரியனிலிருந்து சராசரியாக 2.39 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட தொலைவைப் போல் 2.39 மடங்கு) தொலைவில் சுற்றிவரும் பாறை வகைச் சிறுகோள். சுமார் 200 கிலோமீற்றர் அகலமுள்ள அது, மிகச் சாதகமான எதிர்நிலையில் (பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கு நேர் எதிரே வரும்போது) 6.7 ஒளியளவு (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) வரை பிரகாசிக்கும். கொழும்பின் வெளிச்சம் மிகுந்த வானத்திலும் பிடிபடுவதால் புதியவர்களுக்கு அதையே கொடுக்கிறேன்.

பாதிச் சுழற்சியை முழுச் சுழற்சி என்று எண்ணுதல்

எங்கள் காவலாளி இரவு 11 மணிக்கு மாடிக் கதவைப் பூட்டிவிடுவார். 7 மணிக்குத் தொடங்கினாலும் கிடைப்பது நான்கு மணி நேரமே. அதற்குள் ஐரிஸ் ஒருமுறை மங்கி மீண்டும் ஒளி கூடுவதைக் கண்ட நான், சுழற்சிக் காலம் 3 மணி 34 நிமிடம் என்று குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். முழு உருண்டையாக இல்லாத பாறையின் அகன்ற பக்கம் ஒரு சுற்றில் இரு தடவை நம்மை நோக்குவதால், ஒளி வளையியில் (நேரத்தோடு பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) இரண்டு மேடுகளும் இரண்டு பள்ளங்களும் வரும். உண்மையான காலம் 7 மணி 8 நிமிடம். இரு பள்ளங்களின் ஆழமும் பெரும்பாலும் ஒத்துப்போகாது என்பதே இதைக் காட்டிக்கொடுக்கும் தடயம்.

அந்தத் தடயத்தை நானே அழித்தேன் என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. எதிர்நிலையை ஒட்டிய நாட்களில் ஐரிஸ் நாளொன்றுக்கு நிலவின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி நகர்வதால், ஒப்பீட்டு விண்மீனை (ஐரிஸின் பிரகாசத்தை ஒப்பிட்டு அளக்கப் பயன்படும் விண்மீனை) அடிக்கடி மாற்ற நேர்ந்தது. புதிய விண்மீனின் ஒளியளவை விண்மீன் அட்டவணையில் சரிபார்க்காமல், அந்தந்த இரவின் புள்ளிகளை மேலும் கீழும் நகர்த்தி முந்தைய வளையியோடு பொருத்தினேன். அப்படியும் பொருந்தாதவற்றுக்குக் கடற்கரையின் ஈரக்காற்றைக் குற்றம் சொன்னேன். பின்னர், வன்தட்டில் இடமில்லை என்று ஒன்பது இரவுகளின் படங்களையும் அழித்தேன். ஒக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த எதிர்நிலைக்கு 16 மாதங்களுக்கு மேல் காத்திருந்தேன்.

சென்ற வாரம் ஒரு தம்பி அதே 3 மணி 34 நிமிடத்தைக் கொண்டுவந்து, "சரியா வந்திருக்குத்தானே அண்ணா?" என்று கேட்டார். படங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டேன். இருந்தன. எல்லா இரவுகளுக்கும் ஒரே அட்டவணையின் ஒளியளவுகளைக் கொண்டு மறுபடி கணித்து, 7 மணி 8 நிமிடத்தில் மடித்தபோது (எல்லாச் சுற்றுகளின் புள்ளிகளையும் ஒரே சுற்றின்மேல் அடுக்கியபோது), ஆழமான பள்ளமும் ஆழம் குறைந்த பள்ளமும் தனித்தனியே பிரிந்து நின்றன.

இலங்கை நேரத்தில் குறித்தல்

5 மணி 30 நிமிடத்தைக் கழித்து, உலக நேரத்தில் எழுதுங்கள்.

சிவந்த விண்மீனோடு ஒப்பிடுதல்

அடிவானத்தை நெருங்கும்போது வளிமண்டலம் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால், சிவந்த விண்மீன் ஐரிஸை விடக் குறைவாகவே மங்கும். சூரியனை ஒத்த நிறமுள்ளதைத் தெரிவுசெய்யுங்கள்.

மிகை ஒளியூட்டம்

16 பிட் கமராவில் நடுப்பிக்சலின் எண்ணிக்கை உச்ச அளவான 65,535 ஐத் தொட்டிருந்தால், அந்தப் படம் கணக்கில் சேராது.